மனமொத்த மாறுதல்

2025 நவம்பர் 15, சனிக்கிழமை. கார்த்திகை முகூர்த்தத்துக்குப் பட்டு எடுக்க வந்த கூட்டம் காந்தி ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. ஆனால் டீக்கடைகளில் அன்று பேச்சு பட்டைப் பற்றியோ தங்கம் விலையைப் பற்றியோ இல்லை. ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து சஞ்சு சாம்சனை சென்னை சூப்பர் கிங்ஸ் வாங்கிக்கொண்டது என்ற செய்தி அன்று காலை அதிகாரபூர்வமாக வந்துவிட்டது. பல நாட்களாக வதந்தியாக உலவியதுதான். வதந்தியாக இருந்தவரை ஆளுக்கு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்கள், செய்தியானதும் மூன்று கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள்.

முதல் கட்சிக்கு 2023 இறுதியாட்டம்தான் வேதம். அகமதாபாத்தில், மழைக்குப் பிறகு நள்ளிரவு தாண்டி, கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும் என்ற நிலையில் ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். தோனி அவரை அப்படியே தூக்கிக்கொண்டார். அந்த ஆளைப் போய்க் கொடுப்பார்களா என்பது இவர்கள் வாதம். இரண்டாவது கட்சி பஞ்சாங்கக் கட்சி. ஜடேஜாவுக்கு டிசம்பரில் 37 முடிகிறது, சாம்சனுக்கு இப்போதுதான் 31, தோனிக்கோ 44, நாளைக்கு யார் விக்கெட் கீப்பர் என்று கேட்டார்கள். மூன்றாவது கட்சி வியாபாரிகள். ஒன்றுக்கு ஒன்று என்றால் சரி, கரனையும் சேர்த்து எதற்குக் கொடுத்தார்கள், பட்டுப்புடவை வாங்கினால் ரவிக்கைத் துணி இனாம் மாதிரியா என்று கேட்டார்கள். காஞ்சிபுரத்தில் இந்தக் கட்சிக்குத்தான் ஆள் அதிகம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு சத்தத்துக்கும் காரணம் அதற்கு முந்தைய கோடைக்காலம். 2025 பருவத்தில் சென்னை 14 ஆட்டங்களில் 4 மட்டுமே ஜெயித்து, சரித்திரத்தில் முதல் முறையாகப் பட்டியலின் கடைசியில் நின்றது. ருதுராஜுக்கு முழங்கையில் அடிபட்டு, நடுவில் தோனியே மறுபடி கேப்டன் ஆனார். அந்த ஏப்ரல், மே மாதங்களிலேயே விவாதம் ஆரம்பித்துவிட்டது. யாரைக் கழற்றிவிடலாம், யாரைக் கொண்டுவரலாம் என்று பாதிப் பருவத்திலேயே நம் ஆட்கள் ஒரு புது அணியைக் கட்டி முடித்துவிட்டார்கள். நடைமுறையில் அது சுலபமில்லை. ஐ.பி.எல்.லில் வீரர் பரிமாற்றத்துக்கு உரிய காலம் பருவம் முடிந்த பிறகுதான். 2018இல் பாதிப் பருவ மாறுதல் என்று ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அது வேர் பிடிக்கவில்லை. அடிபட்டவருக்குப் பதில் ஆள் எடுக்கலாம், அவ்வளவுதான். டிவால்ட் பிரெவிஸ் அப்படி வந்தவர்தான். அதனால் கோடையில் தொடங்கிய பேச்சு ஐப்பசி கடைசிவரை வெந்துகொண்டே இருந்தது.

இந்தச் சந்தடியில் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர், கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒன்று கேட்டார்.

“இன்னா சார், ஆளாளுக்குக் கொடுத்தாங்க, வாங்கினாங்கன்றீங்க. அந்த ஜடேஜாவ யாராவது கேட்டாங்களா?”

கேட்டார்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும். ஐ.பி.எல். விதிப்படி வீரரின் சம்மதம் இல்லாமல் பரிமாற்றம் செல்லாது. ஆனால் இந்த ஒரு வரி விதி வானத்திலிருந்து விழுந்ததல்ல. உலகத்தில் பல விளையாட்டுகளில், பல காலம், யாரும் யாரையும் கேட்டதில்லை. இன்றைக்கும் சில இடங்களில் கேட்பதில்லை. அந்தக் கதையைத்தான் எழுத நினைத்தேன்.

அவர் கேட்ட கேள்விக்கு அவர் தொழிலிலேயே ஒரு வேர் இருக்கிறது. நம் ஊரில் மூத்தவர்களுக்குத் தெரிந்ததுதான், வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். முதலாளியிடம் பாவும் ஊடைப் பட்டும் ஜரிகையும் வாங்கி வீட்டுத் தறியில் நெய்து கொடுப்பவர் கூலி நெசவாளர். கூலி தவிர முன்பணம் என்று ஒன்று உண்டு. பெண் கல்யாணம், பிரசவம், கூரை மாற்றுவது என்று ஏதாவது ஒரு செலவுக்கு மொத்தமாக வாங்குவது. நெய்கிற வரையில் அது பாட்டுக்கு நிற்கும். ஆனால் வேறு முதலாளியிடம் போக வேண்டுமென்றால் முழுத்தொகையையும் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரேயடியாக எங்கிருந்து கட்டுவது? புது முதலாளி பழைய முதலாளிக்குக் கொடுத்துத் தீர்ப்பார். கடன் இங்கிருந்து அங்கே மாறும், தறியும் மாறும். ஐரோப்பாவின் கால்பந்து கிளப்புகள் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கும் மாற்றுத் தொகை எப்படிக் கணக்கில் ஏறுகிறது என்பதைப் பிள்ளையார்பாளையத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கோர்வைப் புடவைக்குக் கரைப்பக்கத்து நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் ஒரு பிள்ளையின் கையாக இருந்தது, அந்தப் பிள்ளையின் பேரிலும் முன்பணம் வாங்கியிருந்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதற்கு வெகுகாலம் கழித்து, 2003இல், இந்தியப் பட்டுத் தொழிலில் அடகுவைக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஒரு சர்வதேச மனித உரிமை அமைப்பு அறிக்கை வெளியிட்டபோது, அதில் நம் ஊர்ப் பெயரும் இருந்தது. அதற்குப் பிறகு நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்கள் பலரைக் கரையேற்றின. ஆனாலும் ‘கொடுத்தாங்க, வாங்கினாங்க’ என்ற சொல் ஒரு கூலி நெசவாளர் காதில் விழுவது வேறு மாதிரி, நம் காதில் விழுவது வேறு மாதிரி.

கோடிகளில் புரளும் ஜடேஜாவையும் அந்தப் பிள்ளைகளையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம். வைக்கவில்லை. ஆனால் வீரர்கள் கோடீசுவரர்கள் ஆவதற்கு முன்னாலும் விளையாட்டு இருந்தது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வகுப்புப் பையன்களுக்கு அப்போது கிரிக்கெட் அவ்வளவாகத் தெரியாது. எங்கள் தெய்வம் ரேமோன் கோப்பா. வடக்கு பிரான்சில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன், போலந்திலிருந்து குடியேறிய குடும்பம். பதினான்கு வயதில் சுரங்கத்தில் இறங்கி, அங்கே இடது கை விரலில் ஒரு பகுதியை இழந்தவர். ரேன்ஸ் அணியில் பேர் வாங்கி, 1956இல் ரியால் மாட்ரிட் போனார். 1958இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருது அவருக்குத்தான். 1959இல் ரேன்ஸுக்கே திரும்பி வந்தார். இப்படிப்பட்டவர் 1963 ஜூலையில் ஒரு பத்திரிகையில், கால்பந்து வீரர்கள் அடிமைகள், இந்த இருபதாம் நூற்றாண்டில் ஒரு மனிதனை அவன் விருப்பமில்லாமல் விற்க முடியும் என்றால் அது கால்பந்து வீரனைத்தான் என்ற பொருள்படச் சொல்லிவிட்டார்.

சொன்னதில் மிகை அதிகமில்லை. அன்றைய பிரெஞ்சு விதிப்படி இளைஞன் ஒருவன் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் 35 வயதுவரை அந்தக் கிளப்புக்கே கட்டுப்பட்டவன். கிளப் விரும்பினால் விற்கலாம். அவன் விரும்பினால் போக முடியாது. பேசியதற்குக் கோப்பாவுக்கு ஆறு மாதத் தடை விதித்தார்கள். தண்டனையை நிறுத்தியும் வைத்தார்கள். நம் அலுவலக மொழியில் சொன்னால், எச்சரித்து விடப்பட்டார். அந்த வருடம் எனக்குப் பன்னிரண்டு வயது. ‘எஸ்க்ளாவ்’ என்றால் ரோமாபுரி சரித்திரப் பாடத்தில் சங்கிலியோடு நிற்கும் ஆள் என்றுதான் தெரியும். தங்கப் பந்து வாங்கியவரும் அந்தச் சொல்லைத் தன்மேல் போட்டுக்கொள்வாரா என்று எங்களுக்குள் பெரிய சர்ச்சை நடந்தது.

அதே ஜூலையில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இங்கிலாந்தின் முறை நியாயமற்ற தொழில்தடை என்றார் நீதிபதி. பிரான்சில் 1969இல்தான் 35 வயது விலங்கு கழன்றது. அப்படியும் ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு விலை கேட்பது ஐரோப்பாவில் நிற்கவில்லை. பெல்ஜியத்துக்காரர் ஜான் மார்க் போஸ்மான், லியேஜ் அணியில் ஒப்பந்தம் முடிந்து பிரான்சின் டன்கெர்க் அணிக்குப் போக முயன்றபோது பணத் தகராறில் நடுத்தெருவில் நின்றார். அவர் வழக்குப் போட்டு, 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஜெயித்த பிறகுதான் அந்தப் பழக்கம் ஒழிந்தது. அவர் ஜெயித்ததில் மற்ற எல்லாரும் பணக்காரர்கள் ஆனார்கள், அவர் ஆகவில்லை. இன்று பிரெஞ்சுக்காரர்கள் வீரர்கள் மாறும் காலத்தை ‘மெர்காத்தோ’ என்கிறார்கள். கோடையில் ஒன்று, பாதிப் பருவத்தில் குளிர்காலத்தில் ஒன்று. இத்தாலியச் சொல், சந்தை என்று அர்த்தம். சந்தை என்று சொல்லிவிட்டாலும், ஒப்பந்தம் நடப்பில் உள்ள வீரர் தானும் ஒப்புக்கொண்டால்தான் அங்கே இடம் மாற முடியும்.

பாதிப் பருவப் பரிமாற்றத்தின் தாய்வீடு அமெரிக்கா. அங்கே கூடைப்பந்து ரசிகர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி வந்தாலே தூக்கம் கிடையாது; கெடு தேதிவரை யாரைக் கொடுத்து யாரை வாங்கலாம் என்று ஒரே கூட்டல் கழித்தல். விதிவிலக்காகச் சிலர் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருப்பார்கள். மற்றபடி வீரரின் சம்மதம் தேவையில்லை. 1962இல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்த வில்ட் சேம்பர்லினையே 1965 ஜனவரியில், பருவத்தின் நடுவில், சான் பிரான்சிஸ்கோ அணி ஃபிலடெல்பியாவுக்குத் தள்ளிவிட்டது. பதிலுக்கு மூன்று வீரர்களும் ரொக்கமும். அந்த மூவரில் லீ ஷாஃபர் என்பவர் போகவே மறுத்து, விளையாட்டையே விட்டுவிட்டு ஒரு லாரி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். சேம்பர்லின் பேரை உலகம் அறியும். எனக்கு என்னவோ ஷாஃபரைத்தான் பிடித்திருக்கிறது.

பேஸ்பாலில் கர்ட் ஃப்ளட் என்றொருவர். செயின்ட் லூயிஸ் அணிக்குப் பன்னிரண்டு வருடம் உழைத்தவர். 1969 அக்டோபரில் ஒரு நாள் அதிகாலை தொலைபேசியில், உன்னை ஃபிலடெல்பியாவுக்குக் கொடுத்தாகிவிட்டது என்று சொன்னார்கள். சொன்னவர் முதலாளிகூட இல்லை, கீழ்நிலை அதிகாரி. டிசம்பர் 24 அன்று அவர் ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதினார். என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்க நான் ஒரு சொத்து அல்ல என்பதுதான் அதன் சாரம். அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய் 1972இல் 5க்கு 3 என்று தோற்றார், பிழைப்பும் போயிற்று. அவர் கேட்டது மூன்றே வருடத்தில் மற்றவர்களுக்குக் கிடைத்தது. கூடைப்பந்தில் ஆஸ்கர் ராபர்ட்சன் 1970இல் போட்ட வழக்கு 1976இல் சமரசத்தில் முடிந்து, ஒப்பந்தம் முடிந்தவர் தன் வழியைப் பார்த்துக்கொள்ளும் உரிமை அங்கேயும் வந்தது. ஆனால் ஒப்பந்தத்தின் நடுவில் மாற்றுவது அப்படியே இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் 2025 பிப்ரவரியைப் பாருங்கள். டல்லாஸ் அணியை முந்தைய ஆண்டு இறுதிச் சுற்றுவரை கொண்டுபோன 25 வயது லூகா டான்சிச்சை, ஒரு சனிக்கிழமை நள்ளிரவில் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவருக்கே தெரியாது. செய்தியை வெளியிட்ட நிருபரின் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் பலர் முதலில் நினைத்தார்கள். மறுநாள் ரசிகர்கள் அரங்கத்தின் வாசலில் ஒரு சவப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்து அழுதார்கள். பல மாதம் எந்த ஆட்டம் நடந்தாலும் மேலாளரை நீக்கு என்ற கோஷம் நிற்கவில்லை. நவம்பர் 11 அன்று அவரை நீக்கினார்கள். நான்கு நாள் கழித்து இங்கே ஜடேஜா செய்தி வந்தது. நம் ஆட்கள் சவப்பெட்டி எதுவும் தூக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

கூடைப்பந்து நமக்கு ஒன்றும் அன்னிய விளையாட்டு அல்ல. 1891இல் அதைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித் பாடம் நடத்திய ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பள்ளியில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர். அதன் பிறகு நம் மாநிலத்தில் கூடைப்பந்து என்றால் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே. விளையாட்டுக் கோட்டாவில் உத்தியோகம், மாலையில் பயிற்சி. எந்தக் கல்லூரிப் பையன் உயரமாக இருந்தாலும், இவனை எந்த வங்கி எடுக்கும் என்று மைதானத்தின் ஓரத்தில் பேச்சு ஆரம்பித்துவிடும். ஆனால் வங்கி தன் குமாஸ்தாவை ரயில்வேக்குக் கொடுத்து அங்கிருந்து இரண்டு குமாஸ்தாவை வாங்க முடியாது. பையன் ராஜினாமா செய்தால்தான் உண்டு. சம்பளம் சின்னது, கட்டு சிறியது. சென்னை கிரிக்கெட் லீகில் கம்பெனி அணிகள் ஓடியதும் ஏறக்குறைய இதே தடத்தில்தான்.

மாறுதல் என்ற சொல் அரசு ஊழியன் காதில் விழுந்தால் வயிற்றில் ஒரு சங்கடம் வரும். நிர்வாக மாறுதல் என்றால் மேலிடம் தூக்கிப் போடுவது. அமெரிக்கக் கூடைப்பந்து மாதிரி. விருப்ப மாறுதல் என்றால் நாம் விண்ணப்பித்துக் காத்திருப்பது. மூன்றாவது ஒன்று உண்டு, மனமொத்த மாறுதல். திருவண்ணாமலையில் இருப்பவருக்குக் காஞ்சிபுரம் வேண்டும், காஞ்சிபுரத்தில் இருப்பவருக்குத் திருவண்ணாமலை வேண்டும் என்றால், இரண்டு பேரும் சேர்ந்து ஒப்பமிட்டுக் கொடுப்பது. அசல் ‘டிரேடு’தான் அது, என்ன, மேலாளர்கள் பேசாமல் சம்பந்தப்பட்டவர்களே பேசி முடிப்பது. அரசாணை எழுதியவர்களில் யாரோ ஒரு ரசிகர் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் இப்படிப்பட்ட கோப்புகள் என் மேஜையைத் தாண்டிப் போயிருக்கின்றன. இரண்டு மனமும் நிஜமாகவே ஒத்திருந்தவை பாதி. மீதியில் ஒருவர் மனம் ஒத்திருக்கும். மற்றவருக்கு, மேலதிகாரி சொல்லிவிட்டாரே, நாளைக்கு நிர்வாக மாறுதலில் ராமநாதபுரம் போட்டுவிட்டால் என்ன செய்வது என்ற கணக்கு. கையெழுத்து இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். கோப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஐ.பி.எல். சம்மதத்தையும் நான் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். ஏலத்தில் யாருக்கும் சம்மதம் கிடையாது. எந்தக் கை உயர்கிறதோ அந்த ஊர். 2008 பிப்ரவரியில் முதல் ஏலம் நடந்தபோது, நம் ஊர்க் கோயில் வாசல் செருப்புக் கடை ஏலம் தெரிந்தவர்கள்கூட, மனிதரை ஏலம் விடுவதா என்று முகம் சுளித்தார்கள். இப்போது குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறோம். அடுத்த வருடமே பரிமாற்றம் வந்துவிட்டது. ஆஷிஷ் நெஹ்ராவுக்கு ஷிகர் தவன், ஜாகீர் கானுக்கு ராபின் உத்தப்பா. இதில் மட்டும்தான் வீரரின் கையெழுத்துக்கு ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். அது கோப்பாவுக்கும் ஃப்ளட்டுக்கும் கிடைக்காத இடம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அந்த இடம் எவ்வளவு அகலம் என்பதற்கு ஜடேஜாவின் கதையே அளவுகோல். 2008இல் ஷேன் வார்னின் ராஜஸ்தான் அணியில்தான் அவர் ஐ.பி.எல்.லுக்குள் வந்தார், அந்த அணி முதல் கோப்பையை ஜெயித்தது. இரண்டு பருவம் ஆடிய பிறகு, ராஜஸ்தானுக்குக் கட்டுப்பட்டிருக்கும்போதே மும்பையோடு தானே பேரம் பேசினார் என்று 2010 பருவம் முழுக்கத் தடை விதித்தார்கள். அப்போது அவருக்கு 21 வயது. அணிகள் அவரைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம். அவர் தன்னைப் பற்றிப் பேசக் கூடாது. பிறகு கொச்சி, அந்த அணி ஒரே வருடத்தில் மூடிக்கொண்டது. 2012 ஏலத்தில் 20 லட்சம் டாலருக்குச் சென்னை வாங்கியது. சென்னைக்குத் தடை இருந்த 2016, 2017இல் குஜராத் அணி. மற்றபடி பன்னிரண்டு பருவம் இங்கேதான். சென்னைக்காக அதிக விக்கெட் எடுத்தவரும் அவர்தான். 2022இல் கேப்டன் பதவியைக் கொடுத்து, எட்டு ஆட்டத்தில் அது அவர் கையை விட்டுப் போனது. அடுத்த வருடம்தான் அந்தச் சிக்ஸரும் பவுண்டரியும்.

இந்த முறை எல்லாம் விதிப்படி நடந்தது. சாம்சன் தன் பழைய சம்பளமான 18 கோடிக்கே இங்கே வந்தார். அவரே ராஜஸ்தானை விட்டு வர விரும்பினார் என்று பல மாதமாகப் பத்திரிகைகள் எழுதிவந்தன. கரன் 2.4 கோடியோடு அங்கே போனார். ஜடேஜாவின் சம்பளம் மட்டும் 18 கோடியிலிருந்து 14 கோடியாகத் திருத்தப்பட்டது. நான்கு கோடியைக் குறைத்துக்கொண்டு, பதினைந்து வருடத்துக்கு முன்னால் எந்த அணியை விட்டுப் போகப் பார்த்ததற்காக ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தாரோ, அதே அணிக்குப் போக அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இதைப் பிள்ளையார்பாளையத்து நண்பரிடம் விவரமாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அந்த நாலு கோடியை யார் எடுத்துக்கினாங்க சார்?” என்றார்.